பால் மறந்த பன்றிக்குட்டிக்கு எவ்வளவு புரதம்? ராமநாதபுரம் கடலோரப் பண்ணைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மண்டபம், தொண்டி, ஏர்வாடி, சாயல்குடிப் பக்கம் வெண்பன்றி வளர்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சங்காயம் எனப்படும் கழிவு மீன் காய்ந்த நிலையில் பக்கத்திலேயே, சோயாவைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அரைத்துத் தீவனத்தில் சேர்த்தால் புரதச் சதவீதம் சட்டென்று ஏறிவிடும். அதனாலேயே "புரதம் எவ்வளவு கூடுதோ அவ்வளவு நல்லது" என்ற நம்பிக்கை இங்கே வலுவாக இருக்கிறது. சினைப் பன்றிக்கும் பெரிய பன்றிக்கும் அதனால் பெரிய கேடு வராமல் போகலாம். தாயிடமிருந்து பிரித்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டிக்கு அந்த நம்பிக்கை ஆபத்தானது. அந்தக் குட்டிக்கு வேண்டியது அளவான புரதம், செரிக்கும் புரதம், லைசின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதம். இந்த மூன்றையும் நம் ஊரில் கிடைக்கும் பொருட்களை வைத்தே எப்படி அமைப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

குட்டியின் வயிற்றில் நடப்பது

தாய்ப்பாலில் ஈரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 30% புரதம் இருக்கிறது. அதைக் குட்டி எந்தத் தொல்லையும் இல்லாமல் செரிக்கிறது. காரணம், அது பால் புரதம். வயிற்றில் தயிராகத் திரண்டு மெதுவாகக் கரையும். சோயா, பிண்ணாக்கு, மீன் தூள் ஆகியவற்றின் புரதத்தை உடைக்கும் நொதிகள் அந்த வயதில் முழுதாகச் சுரப்பதில்லை. வயிற்று அமிலமும் குறைவு.

பால் மறக்கடித்த ஓரிரு நாளில் குட்டி சரியாகச் சாப்பிடாது. அப்போது சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் விரல் போன்ற நுண்முடிகள் குட்டையாகிவிடும். மறுபடி வளர ஒன்றிரண்டு வாரம் ஆகும். இந்த இடைவெளியில் புரதத்தைக் கொட்டினால் செரிக்காத பங்கு பெருங்குடலுக்குப் போய் அழுகும். அம்மோனியா உண்டாகும், ஈகோலி கிருமி பெருகும், குட்டி தண்ணீராகக் கழியும். கழிச்சலைப் பார்த்துவிட்டு "சத்துப் போதவில்லை" என்று இன்னும் ஒரு கை மீன் தூள் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

முதல் படி: எடை போட்டுப் பிரிப்பது

வயதை வைத்துத் தீவனம் போடாதீர்கள், எடையை வைத்துப் போடுங்கள். நம் பக்கத்துச் சிறு பண்ணைகளில் பெரும்பாலும் 42 முதல் 56 நாளில் பால் மறக்கடிக்கிறோம். 42 நாளில் நல்ல வெண்பன்றிக்குட்டி 8 முதல் 10 கிலோ இருக்கும். அதே ஈற்றில் 6 கிலோக் குட்டியும் இருக்கும். இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் பெரியது தின்றுவிடும், சின்னது எச்சத்தை நக்கும். கொக்கித் தராசும் ஒரு சாக்கும் போதும். ஒவ்வொரு குட்டியாக எடை போட்டு, 8 கிலோவுக்குக் கீழே இருப்பவற்றைத் தனிக் கொட்டிலில் விடுங்கள்.

பிரிக்கும் நாளில் இடத்தையும் தீவனத்தையும் சேர்த்து மாற்ற வேண்டாம். தாயை மட்டும் வேறு இடத்துக்கு ஓட்டுங்கள். குட்டிகள் பழகிய கொட்டிலிலேயே ஒரு வாரம் இருக்கட்டும். பால் குடிக்கும்போதே, மூன்றாம் வாரத்திலிருந்து, இதே குட்டித் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துப் பழக்கியிருந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது.

இரண்டாம் படி: இலக்கு எண்ணைக் குறிப்பது

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1998-ல் வெளியிட்ட அட்டவணை இன்னும் நல்ல அடிப்படை. அதன்படி 5 முதல் 10 கிலோ எடைக்குத் தீவனத்தில் மொத்த லைசின் 1.35%, 10 முதல் 20 கிலோவுக்கு 1.15%, 20 முதல் 50 கிலோவுக்கு 0.95%. புரதத்துக்கு அந்த அட்டவணை முறையே 23.7, 20.9, 18% என்று சொல்கிறது. ஆனால் அந்தப் புரத எண்கள் மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் போட்டு லைசின் தேவையை எட்டும் கணக்கு. லைசினைத் தனியாகத் தூளாக வாங்கிச் சேர்த்தால் புரதத்தை 2 முதல் 4 புள்ளி வரை இறக்கலாம், வளர்ச்சி குறையாது. கழிச்சலும் குறையும்.

ஆகவே நம் கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 12 கிலோ வரை புரதம் 19 முதல் 20%, லைசின் 1.35 முதல் 1.4%. 12 முதல் 20 கிலோ வரை புரதம் 18 முதல் 19%, லைசின் 1.15 முதல் 1.2%. வேகமாக வளரும் கலப்பின இரகம், நல்ல கொட்டில், நல்ல தண்ணீர் எல்லாம் இருந்தால் லைசினை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். 2012-ல் வந்த திருத்திய அட்டவணையும் லைசின் தேவையை உயர்த்தித்தான் காட்டுகிறது.

மூன்றாம் படி: லைசினைக் கணக்குப் போடுவது

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களின் கூட்டு. பன்றிக்கு முதலில் பற்றாக்குறையாவது லைசின். அது குறைந்தால் மற்றவை எவ்வளவு இருந்தும் தசையாக மாறாது. கல்யாணப் பந்தியில் சாம்பாரும் கூட்டும் அண்டா அண்டாவாக இருந்து சோறு தீர்ந்துவிட்டால் பந்தி அங்கேயே நின்றுவிடும், அதே கதைதான்.

ஒரு கணக்கு பாருங்கள். மக்காச்சோளம் 64 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 33 கிலோ, மீதி தாது உப்பும் சமையல் உப்பும் போட்டு 100 கிலோ கலக்கிறீர்கள். மக்காச்சோளத்தில் 9% புரதம், கடலைப் பிண்ணாக்கில் சுமார் 43%. கூட்டினால் 20% வந்துவிடும். ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் 20 என்றுதான் வரும். இப்போது லைசினைப் பாருங்கள். மக்காச்சோளத்தில் 0.25%, கடலைப் பிண்ணாக்கில் சுமார் 1.5%. கலவையில் வருவது 0.65%. குட்டிக்கு வேண்டியது 1.35. பாதிகூட இல்லை. பையில் 20% என்று எழுதியிருந்தாலும் அந்தத் தீவனத்தில் குட்டி வயிறு உப்பி, முதுகெலும்பு தெரிய நிற்கும்.

லைசினுக்கு அடுத்து மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபேன். லைசின் 100 பங்கு என்றால் மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 55 முதல் 60 பங்கு, திரியோனின் 60 முதல் 65 பங்கு வேண்டும். கோழித் தீவன மூலப்பொருள் விற்கும் கடைகளில் லைசினும் மெத்தியோனினும் தாராளமாகக் கிடைக்கும். திரியோனினைச் சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கலாம். கடையில் விற்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் உண்மையான லைசின் 79% அளவே; கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: புரதம் எந்தப் பொருளிலிருந்து

சோயாப் புண்ணாக்குதான் முதுகெலும்பு. 45% புரதம், 2.8% லைசின். ஆனால் அதிலும் குட்டியின் குடலை உறுத்தும் புரதங்கள் உண்டு. முதல் இரண்டு வாரத்தில் 100 கிலோத் தீவனத்துக்கு 20 முதல் 22 கிலோவைத் தாண்ட வேண்டாம். வறுக்காத பச்சைச் சோயாவை எந்த வயதிலும் அரைத்துப் போடாதீர்கள். அதில் இருக்கும் டிரிப்சின் தடுப்பான் புரதச் செரிமானத்தையே முடக்கிவிடும்.

பால் பவுடர் விலை கூடுதல்தான். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 34% புரதமும் அதைவிடக் கூடுதலாகப் பால் சர்க்கரையும் இருக்கின்றன. முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் 100 கிலோவில் 6 கிலோ. ஒரு குட்டிக்கு ஆகும் செலவு, அதே குட்டி கழிந்து ஒரு வாரம் பின்தங்குவதால் வரும் நட்டத்தைவிடக் குறைவு. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

கடலைப் பிண்ணாக்கில் லைசின் குறைவு என்பதோடு அஃப்ளாடாக்சின் பயமும் இருக்கிறது. கடலோர ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். குட்டித் தீவனத்தில் அந்தப் பூஞ்சை நஞ்சு 20 பிபிபி-க்கு (நூறு கோடியில் 20 பங்குக்கு) மேல் போகக் கூடாது, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. 20 கிலோ எடை வரும்வரை அதைத் தொடவே வேண்டாம். தேங்காய்ப் பிண்ணாக்கில் நார் அதிகம், லைசின் குறைவு. அதுவும் பெரிய பன்றிக்கு. சீமைக் கருவேலங்காயை அரைத்துப் போடும் பழக்கம் நம் மாவட்டத்தில் உண்டு. வளர்ந்த பன்றிக்கு ஓரளவு சரி, பால் மறந்த குட்டிக்கு வேண்டாம்.

இனி மீன் தூள். நல்ல மீன் தூளில் 55 முதல் 60% புரதமும் 4%-க்கு மேல் லைசினும் இருக்கும். குட்டிக்கு இதைவிடப் பொருத்தமான மலிவுப் புரதம் இல்லை. "நல்ல" என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. கடற்கரை மணலில் நேரடியாகக் காயவைத்த சங்காயத்தில் நண்டுக் கால், சங்குத் துண்டு, மணல், உப்பு எல்லாம் கலந்தே வரும். மூட்டை வாங்கும் முன் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் முக்கால் பங்கு நல்ல தண்ணீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். மீன் சதையும் செதிலும் மெதுவாக மிதந்து இறங்கும். மணல் உடனே அடியில் போய் உட்காரும். தம்ளரைச் சாய்த்தால் கண்ணாடியில் உரசி நறநறவென்று சத்தம் கேட்கும். அடியில் மெல்லிய கோடாக இருந்தால் பரவாயில்லை. அதைவிடத் தடிமனாகப் படிந்தால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். அதே தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கருவாட்டுக் குழம்பு போல உப்புக் கரித்தால் அது உப்பிட்டு உலர்த்திய மீன், குட்டிக்கு ஆகாது.

அடுத்தது யூரியா. ஆய்வகங்கள் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் என்று சொல்கின்றன. யூரியாவில் 46% நைட்ரஜன். 100 கிலோ மீன் தூளில் ஒரு கிலோ யூரியாவைக் கலந்தாலே புரத எண் கிட்டத்தட்ட 2.9 புள்ளி ஏறிவிடும். பன்றிக்கு அதில் ஒரு பயனும் இல்லை. மாடு போல அசை போடும் பிராணி இல்லையே. வீட்டிலேயே கண்டுபிடிக்க, பச்சைச் சோயாவை அரைத்த மாவில் ஒரு ஸ்பூனை இரண்டு ஸ்பூன் மீன் தூளோடு கலந்து, வெதுவெதுப்பான நீரில் பிசைந்து, மூடி போட்ட பாட்டிலில் அரைமணி நேரம் வையுங்கள். மூடியைத் திறந்ததும் மீன் வாடையை மீறிக் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி அடித்தால் யூரியா கலந்திருக்கச் சாத்தியம் அதிகம். சோயா மாவு சேர்க்காமல் இன்னொரு பாட்டிலும் வைத்து ஒப்பிட்டால் குழப்பம் வராது. மொத்தமாக வாங்குபவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கும் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி, புரதம், உப்பு, அமிலத்தில் கரையாத சாம்பல் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. மூன்றாவது எண்தான் மணலின் அளவு.

ஐந்தாம் படி: கலப்பது

12 கிலோ எடை வரை 100 கிலோ தீவனத்துக்கு: மக்காச்சோளம் 56 கிலோ, நொய் 8, சோயாப் புண்ணாக்கு 20, மீன் தூள் 5, பால் பவுடர் 6, எண்ணெய் 2, தாது உப்பும் வைட்டமினும் சேர்ந்த கலவை 2 கிலோ, சமையல் உப்பு 250 கிராம், லைசின் 400 கிராம், மெத்தியோனின் 150 கிராம், திரியோனின் 200 கிராம். மீன் தூள் 55% புரதம் உள்ளது என்று வைத்தால் இதில் புரதம் 20%, லைசின் 1.4% வரும்.

12 முதல் 20 கிலோ வரை: மக்காச்சோளம் 60, அரிசித் தவிடு 11, சோயா 21, மீன் தூள் 4, எண்ணெய் 1, தாது உப்பு வைட்டமின் கலவை 2 கிலோ, சமையல் உப்பு 400 கிராம், லைசின் 300, மெத்தியோனின் 100, திரியோனின் 200 கிராம். புரதம் சுமார் 18.8%, லைசின் 1.19%. மக்காச்சோளத்தில் பாதிக்குக் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கம்பையோ வெள்ளைச் சோளத்தையோ போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது.

கிராம் கணக்கில் வருபவற்றை நேராக மூட்டையில் கொட்டாதீர்கள். முதலில் இரண்டு கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதைப் பத்துக் கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் புரட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு குட்டிக்கு லைசின் கிடைக்கும், மற்றதுக்குக் கிடைக்காது.

கிளிஞ்சல் தூள் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையில் சும்மா கிடைக்கிறதே என்று கை நிறையப் போடுகிறார்கள். சுண்ணாம்புச் சத்து வயிற்று அமிலத்தை உறிஞ்சிவிடும். அமிலம் இல்லாமல் புரதம் செரிக்காது. மீன் தூளும் தாது உப்பும் இருக்கும் இந்தக் கலவைக்குத் தனியாகக் கிளிஞ்சல் தேவையில்லை. மாறாக, முதல் இரண்டு வாரத்துக்கு நொய்யில் ஒரு கிலோவைக் குறைத்துச் சிட்ரிக் அமிலம் ஒரு கிலோ சேர்த்தால் செரிமானத்துக்கு உதவும்.

இருபது குட்டிக்கு நூறு கிலோ ஏறக்குறைய 12 நாள் வரும். அதற்கு மேல் கலந்து வைக்காதீர்கள். ஈரக் காற்றில் தீவனம் சிக்குப் பிடிக்கும். மூட்டையைப் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள்.

ஆறாம் படி: கொடுக்கும் விதம்

முதல் மூன்று நாள் ஒரு குட்டிக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 150 கிராம் போதும். வெதுவெதுப்பான நீரில் கூழாகக் கரைத்து, ஐந்தாறு தடவையாக, எல்லாக் குட்டியும் ஒரே நேரத்தில் நின்று சாப்பிடும் நீளத் தொட்டியில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மீந்ததை எடுத்துக் கழுவிவிடுங்கள். இங்கே இருக்கும் வெயிலில் கூழ் சீக்கிரம் புளித்துவிடும். நான்காம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இரண்டாம் வாரத்தில் 350 முதல் 450 கிராம், 15 கிலோக் குட்டிக்கு 600 முதல் 700 கிராம்.

முதல் கலவையிலிருந்து இரண்டாவதுக்கு ஒரே நாளில் தாவாதீர்கள். கால் பங்கு, பாதி, முக்கால் என்று ஐந்து முதல் ஏழு நாளில் மாற்றுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பெரும்பங்கை விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் கொடுங்கள். புரதம் அதிகமான தீவனம் செரிக்கும்போது உடம்புச் சூடும் கூடும். அதனாலும் நம் கடற்கரைக்குப் புரதம் குறைத்து லைசின் சேர்த்த தீவனமே பொருந்தும்.

ஹோட்டல் மிச்சத்தை இந்த வயதில் கொடுக்கவே கூடாது. 2020-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்த பிறகு, வேகவைக்காத மிச்சம் மொத்தப் பண்ணையையும் காலி செய்துவிடும் நிலைதான்.

ஏழாம் படி: தண்ணீரும் உப்பும்

நம் மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மீன் தூளில் வரும் உப்பு, நாம் போடும் உப்பு, கிணற்று நீரில் இருக்கும் உப்பு மூன்றும் ஒரே குட்டியின் வயிற்றில்தான் சேர்கின்றன. 100 கிலோத் தீவனத்தில் 15% உப்புள்ள மீன் 10 கிலோ போட்டால் அதிலிருந்தே ஒன்றரைக் கிலோ உப்பு. தேவையைப் போல மூன்று மடங்கு. நல்ல தண்ணீர் குறையாமல் கிடைத்தால் குட்டி அதைக் கழித்துவிடும். தண்ணீர் சில மணி நேரம் நின்றுபோனாலோ, குடிப்பதே உப்புநீராக இருந்தாலோ மூளையைப் பாதிக்கும். குட்டி வட்டமாகச் சுற்றும், சுவரில் முட்டும், நாய் போல உட்கார்ந்து பின்னால் சாயும், வலிப்பு வரும். அந்த நிலையில் ஒரேயடியாகத் தண்ணீர் காட்டாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

கரைந்த உப்புகளை அளக்கும் சிறிய மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 3000 வரை லேசான கழிச்சல் வரலாம். அதற்கு மேல் பால் மறந்த குட்டிக்குத் தவிர்த்துவிடுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் எவ்வளவு குறைவாக வந்தாலும் முதல் பங்கு குட்டிகளுக்கு. 10 கிலோக் குட்டி ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். தொட்டியை நிழலில் வையுங்கள். சுட்ட தண்ணீரைக் குட்டி தொடாது.

எட்டாம் படி: மலத்தைப் பார்த்துத் திருத்துவது

தினமும் காலையில் கொட்டிலைக் கழுவும் முன் பாருங்கள். உருண்டையாகவோ களிமண் பதத்திலோ இருந்தால் சரி. பசை போல இளகி நாற்றம் கூடினால் புரதம் செரிக்கவில்லை. அன்று தீவனத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். அடுத்த கலவையில் சோயாவில் 3 கிலோவைக் குறைத்து நொய் 3 கிலோ கூட்டி, லைசினில் 100 கிராம் ஏற்றுங்கள். புரதம் ஒரு புள்ளி இறங்கும், லைசின் அப்படியே நிற்கும். பெரும்பாலான குட்டிகள் இரண்டு மூன்று நாளில் தேறிவிடும்.

தண்ணீராகப் பீய்ச்சினாலோ, ரத்தம் கலந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ தீவனத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நன்றாக வளர்ந்த குட்டி திடீரென்று கண் இமை வீங்கித் தள்ளாடினால் அது ஈகோலியால் வரும் வீக்க நோயாக இருக்கலாம், மணிக்கணக்கில் இறந்துவிடும். உடனே மருத்துவர் வேண்டும். நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கித் தீவனத்தில் கலக்காதீர்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தருவதற்கு இந்தியாவில் 2019-லேயே தடை வந்துவிட்டது. கழிச்சலுக்காகத் துத்தநாக ஆக்ஸைடை மருந்தளவில் தீவனத்தில் போடுவதை ஐரோப்பிய ஒன்றியமும் 2022-ல் நிறுத்திவிட்டது.

வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். முதல் வாரம் நாளுக்கு 100 முதல் 150 கிராம் ஏறினாலே போதும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் 250 முதல் 350 கிராம் வர வேண்டும். கழிச்சலும் இல்லை, எடையும் ஏறவில்லை என்றால் லைசின் குறைவா, தண்ணீர் குறைவா, குடற்புழுவா என்று அந்த வரிசையில் பாருங்கள். 20 கிலோ தாண்டியதும் லைசின் 0.95%, புரதம் 16 முதல் 18% உள்ள வளர் தீவனத்துக்கு மாற்றலாம்.

மீன்பிடித் தடைக்காலத்தில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சங்காயம் வரத்து குறையும், விலை ஏறும், பழைய சரக்கில் கலப்படமும் கூடும். முன்கூட்டியே வாங்கிக் குவித்து வைப்பதும் சரிவராது. மீன் கொழுப்பு வெயிலில் காறிப்போய்க் குட்டி வாய் வைக்காது. அந்த இரண்டு மாதமும் முதல் கலவையில் மீன் தூள் 5 கிலோவை எடுத்துவிட்டு, சோயா 2 கிலோவும் பால் பவுடர் 3 கிலோவும் கூட்டுங்கள். லைசின் 80 கிராம், சமையல் உப்பு 150 கிராம், டைகால்சியம் பாஸ்பேட் (சுண்ணாம்பும் பாஸ்பரஸும் தரும் உப்பு) 700 கிராம் கூடுதலாகச் சேர்த்து, நொய்யில் ஒரு கிலோவைக் குறைத்துக்கொள்ளுங்கள். புரதம் 19 முதல் 19.5% நிற்கும், லைசின் மாறாது. தடை முடிந்து முதலில் வரும் மீன் தூளை உடனே குட்டித் தீவனத்தில் போடாமல், மணல், உப்பு, யூரியா மூன்றுக்கும் சோதித்த பிறகு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள்.